நுங்கம்பாக்கத்து வானம்

சென்னையின் முதல் வானாய்வகம் ஒரு வீட்டுத் தோட்டத்தில் இருந்தது. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி, எழும்பூரில் தன் வீட்டை ஒட்டி இரும்பும் மரமும் கொண்டு அதைக் கட்டினார். மூன்று அங்குலத் தொலைநோக்கிகள் இரண்டு, ஊசல் கடிகாரங்கள், விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியைக் குறித்துக்கொள்ள ஒரு கருவி. அவ்வளவுதான் அங்கே இருந்தவை. மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லை. சொந்தக் காசு, சொந்த ஆர்வம். எழும்பூர் அன்று புறநகர். கோட்டையின் நெருக்கடி பிடிக்காத வெள்ளைக்காரர்கள் தோட்ட வீடு கட்டிக் குடியேறிய இடம்.

நான் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குரோம்பேட்டையில் மொட்டை மாடியில் ஆறு அங்குலத் தொலைநோக்கி வைத்து வானம் பார்க்கிறேன். வடக்கே மீனம்பாக்கம் விமான நிலையம், தெற்கே தாம்பரம், நடுவே ஜி.எஸ்.டி. சாலை. மூன்று பக்கமும் வெளிச்சம். “இந்த ஊரில் என்னத்தை சார் பார்க்கிறீங்க? இதெல்லாம் மலை உச்சியில செய்யற வேலையாச்சே?” என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது பெட்ரியின் தோட்டத்திலிருந்து தொடங்கும் இந்தக் கதையைத்தான். இந்த ஊரில் வானியல் வீட்டில்தான் பிறந்தது. மலைக்குப் போனது பிறகு.

கருங்கல் தூண்

இங்கிலாந்து திரும்பும்போது பெட்ரி தன் கருவிகளைக் கம்பெனி அரசுக்கே கொடுத்துவிட்டுப் போனார். அவற்றைக் கொண்டு மைக்கேல் டாப்பிங் 1792இல் நுங்கம்பாக்கத்தில் முறையான வானாய்வகம் எழுப்பினார். கம்பெனிக்குக் கோள்களின் மேல் காதல் ஒன்றும் கிடையாது. சோழமண்டலக் கரையில் கப்பல்கள் மோதாமல் வர வேண்டும், நிலத்தை அளந்து வரைபடம் போட வேண்டும். இரண்டுக்கும் ஓர் இடத்தின் தீர்க்கரேகை துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு விண்மீன்கள் தேவைப்பட்டன.

நாற்பதடி நீளம், இருபதடி அகலத்தில் ஒரே ஓர் அறை. அதன் நடுவே சுமார் பத்து டன் எடையுள்ள கருங்கல் தூணை நட்டு, அதன்மேல் கருவியை ஏற்றினார்கள். ஆள் நடக்கிற அதிர்வு கருவிக்குப் போகக் கூடாது என்பதற்காக அவ்வளவு கனம். தூணில் தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் எழுத்து வெட்டினார்கள். கட்டடம் போய்விட்டது. தூண் மட்டும் கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்துக்குள் நிற்கிறது. புயல் செய்திக்காகத் தொலைக்காட்சிக்காரர்கள் மைக்கோடு கூடுகிற அதே வளாகம்தான்.

1802இல் பரங்கிமலையருகே லாம்டன் தொடங்கிய மாபெரும் நில அளவைக்கு இந்த ஆய்வகத்தின் தீர்க்கரேகைதான் ஆதாரம். ஆய்வகத்தின் பொறுப்பில் இருந்த கோல்டிங்காம், புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடித்த பீரங்கிகளின் ஒளியைக் கண்டு, ஓசை வந்து சேரும் நேரத்தைக் குறித்து, ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டார். பரங்கிமலைப் பீரங்கியின் ஒளியும் ஓசையும் நுங்கம்பாக்கம் வரை எட்டின என்றால் ஊர் எவ்வளவு இருட்டாகவும் அமைதியாகவும் இருந்திருக்கும்! அவருக்குப் பின் வந்த டெய்லர் 11,015 விண்மீன்களின் இருப்பிடத்தை அளந்து 1844இல் அட்டவணையாக வெளியிட்டார். இந்தியப் பொதுநேரம் 1906இல் நடைமுறைக்கு வரும்வரை நாட்டின் ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின. அந்த நேரம் இந்தத் தூணின் அருகே, விண்மீன் உச்சி கடப்பதைப் பார்த்துக் குறித்த நேரம். ரயில்வேயில் வாழ்நாளைக் கழித்த எனக்கு இதைச் சொல்லும்போது இன்றும் பெருமையாக இருக்கிறது.

போக்சனும் ரகுநாதாச்சாரியாரும்

1861இல் நார்மன் போக்சன் மெட்ராஸ் வந்தார். இங்கிலாந்தில் இருந்தபோதே, 1856இல், வானியலுக்கு ஓர் அளவுகோல் தந்திருந்தார். கண்ணுக்குத் தெரிகிற விண்மீன்களை ஆறு வகுப்பாகப் பிரிப்பது பழங்காலத்து வழக்கம். மிகப் பிரகாசமானவை முதல் வகுப்பு, மங்கிக் கண்ணில் படுவதும் படாததுமாக இருப்பவை ஆறாம் வகுப்பு. போக்சன் இதைக் கணக்காக்கினார். ஐந்து படி இறங்கினால் பிரகாசம் சரியாக நூறில் ஒரு பங்கு. ஒவ்வொரு படிக்கும் சுமார் 2.512 மடங்கு வித்தியாசம். மேக்னிட்யூட் என்று உலகெங்கும் இன்று வழங்கும் அளவு இதுதான். ஹப்பிள் தொலைநோக்கி கண்ட மங்கலான விண்மீன் திரளுக்கும் இதே அளவுதான்.

வந்து சில மாதத்துக்குள், 17 ஏப்ரல் 1861 அன்று, போக்சன் நுங்கம்பாக்கத்திலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயர். பிறகு சாஃபோ, சில்வியா, கமில்லா, 1885இல் வேரா. மெட்ராஸ் வானத்திலிருந்து மட்டும் ஐந்து. சில்வியாவை இரண்டு சிறு நிலவுகள் சுற்றுவது 2005இல் தெரிந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட நிலவுள்ள சிறுகோள் என்று முதலில் உறுதியானது அதுதான். கூவம் கரையருகே முதன்முதலில் கண்ணில் பட்ட கல் அது.

போக்சனைவிட எனக்கு நெருக்கமானவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். கடைநிலை ஊழியராக ஆய்வகத்தில் சேர்ந்து, முதல் உதவியாளர் வரை உயர்ந்து, நாற்பதாண்டுக் காலம் அங்கே உழைத்தவர். கண்ணால் காண்கிற வானத்தோடு பஞ்சாங்கக் கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்த நிகழ்வைச் சாதாரண ஜனங்களும் புரிந்துகொள்ளட்டும் என்று தமிழ் உட்படப் பல மொழிகளில் சிறு நூல் எழுதினார். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரானார்.

1867இல் அவர் ஒரு மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். ஆர் ரெட்டிகுலி என்று பெயர். சுமார் 280 நாளுக்கு ஒருமுறை பெருகித் தேயும் செம்மீன். உச்சத்தில் ஆறரை மேக்னிட்யூட் அளவுக்கு வரும். மங்கும்போது பதினான்குக்குப் போய்விடும். அதாவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். அது தெற்கே எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதைப் பார்த்தால்தான் அவருடைய சாதனை விளங்கும். சென்னையிலிருந்து பார்க்கையில் அது மிக உயரமாக ஏறுகிற நேரத்திலும் தொடுவானத்துக்கு மேல் சுமார் 14 பாகைதான். கையை நீட்டிச் சாண் விரித்தால் வரும் அளவைவிடக் குறைவு. அந்த உயரத்தில் ஒரு மங்கலான புள்ளி மாதத்துக்கு மாதம் மாறுவதை நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கவனித்திருக்கிறார். தென்திசை அடிவானம் வரை கன்னங்கரேலென்று இருந்திருந்தால்தான் அது நடந்திருக்கும்.

இன்று நுங்கம்பாக்கத்தில் நின்று தெற்கே பார்த்தால் தி.நகர்.

மலையேறிய தொலைநோக்கிகள்

மெட்ராஸை விட்டு வானியலை முதலில் கிளப்பியது விளக்கு அல்ல, பஞ்சம். 1876 தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனில் நடக்கும் மாறுதல்களுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. சூரியனைத் தினந்தோறும் ஆராயத் தெளிந்த காற்றுள்ள மலை வேண்டியிருந்தது. பழனி மலை, நீலகிரி எல்லாம் பார்த்துக் கொடைக்கானலைத் தேர்ந்தார்கள். 1899இல் வானியல் வேலை அங்கே மாறியது. பெட்ரியின் தோட்டத்தில் ஓடிய ஷெல்டன் கடிகாரமும் மலையேறியது.

இரண்டாவது இடமாற்றம் இருட்டைத் தேடி நடந்தது. சென்னையில் பிறந்த வைணு பாப்பு, கொடைக்கானலில் பகலில் சூரியனைப் பார்ப்பது மட்டும் போதாது, இரவு வானத்துக்கும் தனி இடம் வேண்டும் என்று ஜவ்வாது மலையில் காவலூரைக் கண்டுபிடித்தார். கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கி 1968இல் அங்கே வேலையைத் தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் கருவி வந்தது. 2.34 மீட்டர் கருவி 1986இல் திறக்கப்பட்டபோது பாப்பு உயிரோடு இல்லை. அதற்கு அவர் பெயரை வைத்தார்கள். 1988இல் காவலூரிலிருந்து கண்ட ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர். போக்சனின் வேராவுக்கு நூறாண்டுக்குப் பிறகு தமிழ்நாட்டு மண்ணிலிருந்து கிடைத்தது அது.

காவலூரில் பெரிய கருவிகளுக்கு நடுவே ஒரு பழைய ஆறு அங்குலத் தொலைநோக்கியும் உண்டு. அது ஒரு வீட்டுக் கொல்லையிலிருந்து வந்தது. வங்காளத்தில் ஜெசோர் கருவூலத்தில் நாணயம் எண்ணும் வேலை பார்த்தவர் ராதா கோவிந்த சந்திரா. மெட்ரிகுலேஷன் தேறாதவர். 1910இல் ஹாலி வால்மீனைப் பார்த்ததிலிருந்து வானத்தை விடவில்லை. 1912இல் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். மாறும் விண்மீன்களின் பிரகாசத்தை இரவிரவாகக் கணித்து, அமெரிக்காவிலிருந்த மாறும் விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அனுப்பினார். அவருடைய உழைப்பைக் கண்ட சங்கம் 1926இல் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடனாக அனுப்பிவைத்தது. 1954 வரை அவர் அனுப்பிய கணிப்புகள் 37,000க்கு மேல். வயதாகி ஓய்ந்தபின், வேலை செய்யக் கூடிய கைக்கு இது போக வேண்டும் என்று கருவியைத் திருப்பிக் கொடுத்தார். அது வைணு பாப்புவிடம் வந்து, கடைசியில் காவலூர் சேர்ந்தது.

அவர் செய்த வேலையைத்தான் என் மாடியில் நானும் செய்கிறேன். இதற்கென்றே சங்கம் வெளியிடும் விண்மீன் படம் உண்டு. மாறும் மீனைச் சுற்றி இருக்கும், மாறாத மீன்களின் மேக்னிட்யூட் அதில் போட்டிருக்கும். 83 என்றிருந்தால் 8.3 என்று பொருள். தசமப் புள்ளியை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள், அதையும் விண்மீன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது பாருங்கள். தொலைநோக்கியில் பார்த்து, நம் மீனைவிடச் சற்றுப் பிரகாசமான ஒன்று, சற்று மங்கலான ஒன்று என்று இரண்டைப் பிடிக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவே நம் மீன் எங்கே நிற்கிறது என்று நிதானித்து ஓர் எண் எழுத வேண்டும். நாள், நேரம், எண். ராதா கோவிந்தர் எழுதியதும் இவ்வளவுதான். போக்சன் கொடுத்த அளவுகோல், ரகுநாதாச்சாரியார் பழகிய கண்.

விளக்குகளின் வரலாறு

என் வேலையில் விளக்குகளோடுதான் பழக்கம். மண்ணெண்ணெய் சிக்னல் விளக்கை ஏற்றிய மூத்தவர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். யார்டுகளில் குண்டு பல்பு போய் மெர்குரி விளக்கு வந்தது, அதன்பின் மஞ்சள் சோடியம் விளக்கு, ஹைமாஸ்ட் கம்பம், இப்போது எல்.ஈ.டி. தெருவுக்கும் இதே வரிசைதான். சோடியம் விளக்கின் மஞ்சளைக் கொஞ்சமாவது தடுக்கிற வடிகட்டிக் கண்ணாடிகள் இருந்தன. வெள்ளை எல்.ஈ.டி. எல்லா நிறத்தையும் அள்ளி வீசுகிறது. அதில் நீலம் அதிகம். நீல ஒளிதான் காற்றில் அதிகம் சிதறும். பகலில் வானம் நீலமாகத் தெரிவதற்கும் இரவில் நகரத்து வானம் வெளுத்துப் போவதற்கும் ஒரே இயற்பியல்தான் காரணம்.

எல்.ஈ.டி. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. மிச்சமானதை வைத்து இன்னும் நாலு விளக்கு போட்டுக்கொண்டோம் என்பதும் உண்மை. 2011 முதல் 2022 வரை உலகம் முழுவதும் பொதுமக்கள் தங்கள் வானத்தில் கண்ணுக்குத் தெரிந்த விண்மீன்களைக் கணித்து அனுப்பினார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கணிப்புகளை ஆராய்ந்த கிறிஸ்டோபர் கைபாவும் உடன் உழைத்தவர்களும் 2023இல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரி 9.6 சதவீதம் கூடியிருக்கிறது. எட்டு ஆண்டுக்குள் இரட்டிப்பாகும் வேகம் அது. ஒரு குழந்தை பிறக்கும்போது 250 விண்மீன் தெரிந்த இடத்தில், அதற்குப் பதினெட்டு வயதாகும்போது நூறுதான் தெரியும்.

இந்த இழப்பையும் போக்சனின் அளவுகோலால்தான் அளக்கிறோம். நல்ல இருட்டில் ஆறாம் மேக்னிட்யூட் வரை தெரிய வேண்டிய வானம் என் மாடியில் மூன்று, மூன்றரையோடு நின்றுவிடுகிறது. நம் கல்யாணச் சடங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பது நம் வழக்கம். அருந்ததியின் மேக்னிட்யூட் 4. பக்கத்தில் நிற்கும் வசிட்டர் 2.2. சப்தரிஷி மண்டலம் வடக்கே நன்றாக ஏறி நிற்கும் சித்திரை, வைகாசி முன்னிரவில்கூட என் தெருவில் வெறும் கண்ணுக்கு வசிட்டர் மட்டும்தான் தெரிகிறார். தலைமுறை தலைமுறையாகப் புதுப்பெண்ணுக்குக் காட்டிய மீனைக் காட்ட நம்மிடம் வானம் இல்லை. விண்வெளி ஆராய்ச்சிக்காரர்களுக்கு மட்டும் நேர்ந்த நஷ்டம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

என்ன பாக்கி இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன். ஆறு அங்குலத் தொலைநோக்கி மனிதக் கண்ணைவிடப் பல நூறு மடங்கு ஒளியை வாங்குகிறது. அதில் உருப்பெருக்கத்தைக் கூட்டினால் பின்னால் இருக்கும் வானம் விரிந்து மங்கும். விண்மீனோ புள்ளியாகவே இருப்பதால் அவ்வளவாக மங்காது. அதனால் நகரத்து வெளுத்த வானத்திலும் இரட்டை விண்மீன்கள், மாறும் விண்மீன்கள், நிலா, கோள்கள் எல்லாம் அழகாகக் கிடைக்கும். வசிட்டரைத் தொலைநோக்கியில் பிடித்தால் அவரே இரண்டாகப் பிரிவார். அருந்ததி தள்ளி நிற்பாள். தெருவிளக்குக்கு மேலேயே இதைப் பார்க்கலாம். விண்வெளி வாயு முகில்களும் தொலைதூர விண்மீன் திரள்களும்தான் நகரத்தில் எடுபடாது. பரவிக் கிடக்கும் அவற்றின் ஒளி வானத்தின் வெளிச்சத்தோடு கரைந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, போகிப் புகையும் அடங்கிய தை மாதத்து இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்புங்கள். தென்கிழக்கில் பிரகாசமாக நிற்பது அகத்தியர் நட்சத்திரம். அதற்கு வலப்பக்கம் சரிவாகக் கீழே இறங்கினால், தாம்பரத்துச் செம்மஞ்சள் மூட்டத்துக்குள் ரகுநாதாச்சாரியாரின் மீன் இருக்கும் இடம் வரும். கண்ணுக்கு அங்கே ஒன்றுமில்லை. தேடுகருவியில் மெதுவாக மீனுக்கு மீன் தாவித்தான் போக வேண்டும். அது உச்சத்தில் இருக்கும் சமயமாக இருந்தால், மங்கிய பின்னணியில் மற்றவற்றைவிடச் சற்றுச் சிவந்த ஒரு புள்ளி தெரியும். அடிவானக் காற்றில் துடித்துக்கொண்டே இருக்கும். முதன்முதலில் அதைப் பிடித்த இரவில் என் மனைவியை மாடிக்குக் கூப்பிட்டேன். அவள் நெடுநேரம் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, “இதை அவர் வெறும் எண்ணெய் விளக்கு வெளிச்சத்துல எழுதி வெச்சாரா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

வைணு பாப்பு இருட்டைத் தேடிப் போன காவலூரையும் சுற்றுவட்ட ஊர்களின் வெளிச்சம் நெருங்கி வருகிறது. பெட்ரியின் தோட்டத்தைத் தன் தொடக்கமாகக் கொள்ளும் இந்திய வான் இயற்பியல் மையம், இப்போது லடாக்கின் ஹான்லேயில், கடல் மட்டத்துக்கு மேல் 4,500 மீட்டரில் தொலைநோக்கி வைத்திருக்கிறது. 2022இல் அந்தப் பகுதி இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. எழும்பூர், நுங்கம்பாக்கம், கொடைக்கானல், காவலூர், ஹான்லே என்று நீளும் இந்தப் பாதைக்கு அப்பால் ஏற நமக்கு மலை பாக்கி இல்லை. இருக்கிற இடத்தில்தான் இருட்டைக் காப்பாற்ற வேண்டும்.

அது நடக்கக் கூடியதே. அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் தன் வானாய்வகத்துக்காக 1958இலேயே விளம்பரத் தேடுவிளக்குகளைத் தடை செய்தது. 2001இல் உலகின் முதல் இருள்வான நகரம் என்ற பெயர் பெற்றது. அங்கே தெருவில் யாரும் தடுக்கி விழவில்லை. ஆற்றில் கலந்த சாயத்தை எடுக்கப் பல ஆண்டு ஆகும். வானத்தில் கலந்த வெளிச்சம் விளக்கை அணைத்த நொடியில் போய்விடும்.

படிப்பவர்களிடம் நான் கேட்பது மூன்று. வாசல் விளக்குக்கு மேல்பக்கம் ஒரு மூடி போடுங்கள், வெளிச்சம் தரையில் விழட்டும். வெள்ளைக்குப் பதில் இளமஞ்சள் எல்.ஈ.டி. வாங்குங்கள். படுக்கப் போகும்போது மாடி விளக்கையும் கேட் விளக்கையும் அணையுங்கள். உங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தெருவிளக்குகளுக்கும் இதையே எழுதிக் கேளுங்கள். நானும் எங்கள் தெருவுக்காக எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.